நிழலில் வெளுக்கும் கண்ணாடி

நேற்று கணவர் ஹெல்மெட்டால் அடித்ததில் என் இடது கண் வீங்கிக் கறுத்திருந்தது. இன்று என் அண்ணன் வீட்டுக்குப் போயாக வேண்டும். அதனால்தான் கண்ணாடிக் கடைக்குக் கூட்டி வந்தார்.

"பைக்ல போறப்போ போடுற கறுப்புக் கண்ணாடி, நல்லதா குடுங்க" என்றவர், போன் வரவும் வெளியே போனார்.

கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். "இது எப்பவும் கறுப்பு. இது வெயில்ல தானா கறுக்கும்மா. வீட்டுக்குள்ள போனா கொஞ்ச நேரத்துல வெளுத்துடும்."

மறைப்பதே மானம் என்று இதுவரை நம்பியிருந்த என் கை இரண்டாவதை எடுத்தது.

வெயிலில் கணவர் என் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணும் தெரியல. அங்க வாயைத் திறந்தே, இன்னொரு கண்ணும் போயிடும்."

"வாங்க மாப்ள" என்ற அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். "என்னம்மா, வீட்டுக்குள்ளயும் சினிமா ஸ்டார் மாதிரி?"

நான் வாயைத் திறக்கவில்லை. முகத்தைத் தாழ்த்தவும் இல்லை. கணவர் சோபாவில் சாய்ந்து பெட்ரோல் விலையைத் திட்டிக்கொண்டிருந்தார்.

அண்ணனின் சிரிப்பு மெல்ல நின்றது. எழுந்து போய்க் கதவைத் தாழிட்டார். திரும்பி வரும்போது, கணவர் கழற்றி வைத்திருந்த ஹெல்மெட் அவர் கையில் இருந்தது.