கீறல் விழுந்த முடிவு

லோவல் ஹாகன் மின்னசோட்டாவின் வடக்குக் கோடியில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவன். ஆள் வாசலில் வந்து நின்றால் வீட்டுக்குள் வெளிச்சம் குறையும். மான் வேட்டைக்குப் போவான், உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிப்பான், தும்மினால் பக்கத்து வீட்டு ஜன்னல் அதிரும். இப்பேர்ப்பட்டவனுக்குக் காதல் படம் என்றால் உயிர். அழுவதற்கென்றே உட்கார்ந்து பார்ப்பான். இது ஊருக்குத் தெரிவதைவிட மீன் பிடிக்கும் துளைக்குள் தானே இறங்கிவிடலாம் என்று நினைத்திருந்தான்.

அந்த ஊரில் படம் வாடகைக்கு எடுக்க மூன்று வழி இருந்தது. ஒன்று தபால். உறையில் போட்டு அனுப்புவார்கள். ஆனால் தபால்காரி மார்லிஸ் உறையை வெயிலில் தூக்கிப் பிடித்து, உள்ளே என்ன பெயர் எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பெட்டியில் போடுவாள். அவளுக்குத் தெரிந்தால் ஊருக்குத் தெரிந்த மாதிரி. இரண்டாவது, பெர்னடீனின் வீடியோ கடை. அவளுக்கு வாயை மெதுவாகத் திறக்கத் தெரியாது.

"ஏப்பா லோவல், போன வாரம் கொண்டு போனியே ஒரு கல்யாணப் படம், நல்லா அழுதியா?" என்று கடையின் அந்தக் கோடியிலிருந்து கேட்பாள்.

"அது என் தங்கச்சிக்கு எடுத்தது."

"உன் தங்கச்சி அலாஸ்காவுல இல்ல இருக்கா?"

"வந்திருந்தா."

மூன்றாவது வழி புதிதாக வந்தது. மளிகைக் கடையின் நுழைவாயிலில், இரண்டு கதவுகளுக்கு நடுவே, ஆள் உயரத்துக்கு ஒரு பச்சைப் பெட்டி. திரையைத் தொட்டுப் படத்தைத் தேர்ந்தெடுத்து, வங்கி அட்டையை உரசினால் வயிற்றிலிருந்து டிவிடியைத் துப்பும். தங்கச்சி எங்கே என்று கேட்காது. பெர்னடீனுக்கு அதன் பெயரைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். "அந்தத் தகர டப்பாகிட்ட போறவன் என் கடைப்பக்கம் தலை வச்சுப் படுக்கக் கூடாது" என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

லோவலும் பயந்துகொண்டு பெர்னடீனிடமே படம் எடுத்துவந்தான், ஒரு கலங்கரை விளக்கப் படம் வரும் வரை.

அதில் ஒரு விளக்குக்காரன். எலோயிஸ் என்ற பெண் அவனைப் பத்து வருஷமாக நேசிக்கிறாள், சொல்லவில்லை. கடைசியில் புயலில் தவிக்கும் ஒரு கப்பலைக் காப்பாற்ற அவன் சின்னப் படகில் ஏறிப் போகிறான். எலோயிஸ் படிக்கட்டில் நின்று வாயைத் திறக்கிறாள். திறந்த வாய் திறந்தபடியே சதுரம் சதுரமாக உடைந்து நின்றுவிட்டது. டிவிடியில் கீறல். லோவல் சட்டையால் துடைத்தான், பற்பசை தடவிக் கழுவினான், கெஞ்சியும் பார்த்தான். எலோயிஸ் வாயை மூடவில்லை.

மறுநாள் கடைக்கு ஓடினான். "இது நின்னு போகுது. என் தங்கச்சிக்கு முடிவு தெரியணுமாம்."

"அதுக்கு ஏன் இன்னொரு டிவிடி? நான் சொல்றேன் கேளு" என்று பெர்னடீன் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். படகு உடைந்ததாம். மூன்றாம் நாள் அவனுடைய கம்பளித் தொப்பி மட்டும் கரை ஒதுங்கியதாம். எலோயிஸ் அந்தத் தொப்பியை மாட்டிக்கொண்டு, தலை நரைக்கும் வரை தினமும் மேலே ஏறி விளக்கை ஏற்றினாளாம். லோவல் பேய்ப்பட அலமாரிக்குப் பின்னால் போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தான்.

"தூசி" என்றான்.

அதோடு போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. அந்த வாரம் காபிக் கடையில் அவனோடு லாரி ஓட்டும் வெர்ன் ஒரே ரகளை.

"என் பொண்டாட்டி பாத்துக்கிட்டிருந்தா, நான் சும்மா அந்தப் பக்கமா போனேன். சனியன் நின்னு போச்சு. பெர்னடீன்தான் சொன்னாங்க. விளக்குக்காரன் கடல்ல ஒரு திமிங்கிலத்தோட மல்லுக்கட்டி, அது மேல ஏறியே கரைக்கு வர்றானாம்!"

"என்ன உளறுறீங்க?" என்றாள் மார்லிஸ். "திமிங்கிலமும் இல்ல, ஒண்ணும் இல்ல. ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆகி இரட்டைப் பொண்ணு பொறக்குது. பெர்னடீன் என்கிட்ட தன் வாயாலே சொன்னா."

"அவன் செத்துட்டான்!" என்று லோவல் மேசையைக் குத்தினான்.

காபிக் கடையே அவன் பக்கம் திரும்பியது.

"யாரு செத்துட்டா?" என்றாள் மார்லிஸ்.

லோவலுக்கு வியர்த்தது. "நாய்" என்றான். "என் நாய்."

அவனிடம் நாயே கிடையாது. அது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அந்த ஊர்க்காரர்களுக்குத் துக்கம் என்று கேள்விப்பட்டால் கை சும்மா இருக்காது. சாயங்காலத்துக்குள் அவன் வாசலில் உருளைக்கிழங்கும் இறைச்சியும் போட்டுச் சுட்ட கலவை தட்டுத் தட்டாக வந்து இறங்கியது. அதைச் சாப்பிட்டபடியே லோவல் யோசித்தான். தொப்பியா, திமிங்கிலமா, இரட்டைக் குழந்தையா? விளக்குக்காரன் உயிரோடு இருக்கிறானா இல்லையா? தெரியாமல் அவனால் சோறு தண்ணி இறக்க முடியவில்லை. அதாவது நாலாவது தட்டை இறக்க முடியவில்லை. உண்மை பச்சைப் பெட்டிக்குள்தான் இருக்கிறது என்று முடிவு கட்டினான்.

சனிக்கிழமை பனிப்புயல் வரும் என்று ரேடியோவில் சொல்லியிருந்ததால் பெட்டிக்கு முன்னால் வரிசை. லோவல் கடைசியில் போய் நின்றான். பின்னால் ஆள் இல்லாமல் கடைசியாக எடுத்துவிட்டு நழுவுவது அவன் திட்டம். யாராவது விடவேண்டுமே!

"லோவல், நீ முன்னாடி போ" என்றாள் மார்லிஸ்.

"பரவாயில்ல, நான் நிக்கிறேன்."

"துக்கத்துல இருக்கிற மனுஷன். வழி விடுங்கப்பா!"

ஆளுக்கொரு தள்ளாகத் தள்ளி அவனைப் பெட்டியோடு ஒட்டிவிட்டார்கள். திரையில் எலோயிஸ் கன்னத்தில் கை வைத்து நின்றாள். அவன் தோளுக்கு மேல் வெர்னின் தாடி.

"சிரிப்புப் படமா எடுடா. மனசு லேசாகும்."

லோவல் அவசரமாக ஒரு கரடிப் படத்தை அழுத்தினான். வாங்கிக்கொண்டு மறுபடி வரிசையின் கடைசிக்குப் போனான். மறுபடி முன்னால் தள்ளினார்கள். ஒரு சுறாப் படம் வந்தது. "பாவம், தூக்கமே இல்ல போல" என்று யாரோ உச்சுக் கொட்டினார்கள்.

ஒருவழியாகக் கூட்டம் கரைந்தது. மிஞ்சியது லோவலும், பெரிய வேட்டைக் கோட்டும் முகத்தை மூடிய தொப்பியுமாக ஓர் ஆளும்.

"நீங்க போங்க" என்றான் லோவல்.

அந்தத் தொப்பி இல்லை என்று ஆடியது.

"அட, அவசரம் இல்ல. நீங்க போங்க."

தொப்பி அவனை நோக்கிக் கையைக் காட்டியது. அவன் கும்பிடாத குறையாகக் குனிந்து வழி விட்டான். அதுவும் குனிந்தது. இப்படியே குனிந்து நிமிர்ந்து இரண்டு பேருக்கும் இடுப்பு வலி எடுத்தது.

"போய்த் தொலையேன்பா, கால் விறைச்சுப் போச்சு!" என்று கத்தியது கோட்டு.

அந்தத் தொண்டை ஊரில் ஒருத்திக்குத்தான் உண்டு.

"பெர்னடீன்! நீங்களா? இந்தத் தகர டப்பாகிட்டயா?"

"வெளியில மூச்சு விட்டே, அலாஸ்கா தங்கச்சிக்குப் போன் போட்டுடுவேன்."

"என்ன எடுக்க வந்தீங்க?"

பெர்னடீன் தரையைப் பார்த்தாள். "அந்த விளக்குப் படம்தான். என்கிட்ட இருக்கிறது ஒண்ணே ஒண்ணு. முதல் நாளே கீறல் விழுந்துடுச்சு. நானே முடிவைப் பாத்ததில்ல."

"அப்ப அந்தத் தொப்பி?"

"நீ கேட்டப்ப உன் மூஞ்சியைப் பாத்தேன். இவனுக்குச் சாவுதான் சரின்னு தோணுச்சு."

லோவலுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அந்த அவசரத்தில் வரவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து எலோயிஸை எடுத்தார்கள். மறுநாள் சர்ச் முடிந்ததும் பூட்டிய வீடியோ கடைக்குள் உட்கார்ந்து போட்டார்கள். பளபளவென்று ஒரு கீறல்கூட இல்லாத டிவிடி. எலோயிஸ் வாயைத் திறந்தாள். "ஜாக்கிரதை" என்றாள். விளக்குக்காரன் கொஞ்ச தூரம் போனான், வாந்தி எடுத்தான், திரும்பி வந்தான். கப்பல் தானாகவே தப்பித்துக்கொண்டது. அடுத்த காட்சியில் இருவரும் நகரத்தில் காப்பீட்டு அலுவலகம் திறந்து ரிப்பன் வெட்டினார்கள். பெயர்கள் ஓட ஆரம்பித்தன.

"அவ்வளவுதானா?" என்றான் லோவல்.

"அவ்வளவுதான் போல."

"இதுக்காகவா நான் சுறாவையும் கரடியையும் வாடகைக்கு எடுத்தேன்?" அவனுக்கு அழுகை வரவில்லை. அதுதான் அவனால் தாங்க முடியவில்லை. பிறகு கேட்டான். "அந்தத் தொப்பி கரை ஒதுங்கினப்ப, அதை முதல்ல யாரு பாத்தா?"

பெர்னடீன் தொலைக்காட்சியை அணைத்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "எலோயிஸ்தான். முதல்ல ஏதோ கடல்பாசின்னு நினைச்சா…"

அடுத்த சனிக்கிழமை வீடியோ கடையில் நல்ல கூட்டம். வெர்ன் இருந்தான், மார்லிஸ் இருந்தாள். லோவல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, பனி அப்பிய பூட்ஸோடு நடுக்கடையில் நின்று, ஜன்னல் அதிரக் கேட்டான்.

"பெர்னடீன், எனக்கு நல்ல காதல் படமா ஒண்ணு வேணும். கீறல் ஆழமா விழுந்ததாப் பாத்து எடுங்க."