கதவில் ஒட்டிய தாளை யார் எடுக்கலாம்

1

"அது என் வீட்டுக் கதவும்மா. என் கதவுல இருக்கிற பேப்பர எடுக்க நான் யார்கிட்ட அனுமதி கேக்கணும்?"

"எங்கிட்டதான் சார்."

"உன் தம்பி பன்னெண்டு மணிக்கே எடுத்துட்டான். எடுத்தத எதுக்குத் திரும்ப ஒட்டுற?"

"அவன் எடுத்தது செல்லாது. அவனுக்கு லைசன்ஸ் இல்ல."

"அக்கா, மெதுவா. தெருவே கேக்குது."

"கேக்கட்டும். தெருவுக்கும் ஒரு நாள் கரையான் வரும்."

தெரு கேட்டது. தெரு என்றால் நான்தான். மிக்ஸியில் பாதி அரைபட்டதை அப்படியே விட்டுவிட்டு, திரைச்சீலையைத் துவைக்கக் கழற்றுகிற பாவனையில் சன்னலருகே நின்றேன். (அந்தத் திரைச்சீலை அந்த வாரத்தில் மூன்று முறை துவைக்கப்பட்டது.) இந்தக் கதை ஒட்டுக்கேட்டதில் பிறந்தது என்பதை இப்போதே ஒப்புக்கொள்கிறேன். பின்னால் வேறு யாராவது சொன்னால் அவமானம். நானே முந்திக்கொண்டால் நேர்மை.

2

ஆனால் முதலில் இதை இப்படித் தொடங்கவில்லை.

முதல் தொடக்கம்: மரத்தைத் தின்னும் வண்டு ஒன்று, தான் பிறந்து வளர்ந்த உத்தரத்தின் இருட்டுக்குள்—

விட்டுவிட்டேன். மனிதர் மனசுக்குள் நுழைவதற்கே தெருவில் எனக்குக் கெட்ட பெயர். வண்டின் மனசு வேண்டாம்.

இரண்டாவது தொடக்கம்: கட்டடங்களில் பூச்சி ஒழிப்போருக்கான உரிமச் சட்டத்தின் பதினேழாம் பிரிவு கூறுவது யாதெனில்—

இதைப் படித்தால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். நான் போகவில்லை. அந்தச் சட்டப் புத்தகத்தை, சண்டை போட்ட அந்த அக்காவிடமே இரவல் வாங்கி, மற்றவர்கள் தொடர்கதை படிக்கிற மாதிரி படித்தேன். 'கட்டடம்' என்றால் என்ன என்று அதில் முக்கால் பக்கம் இருக்கிறது. வீடும் கடையும் மட்டுமல்ல. நிறுத்திவைத்த ரயில் பெட்டியும் கட்டடம்தான். கரையில் கட்டிப்போட்ட கப்பலும் கட்டடம்தான். அவிழ்த்துவிட்ட கப்பல்? அதைப் பற்றிச் சட்டத்துக்குக் கவலையில்லை. (கப்பலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.)

ஆகவே சண்டையிலேயே தொடங்கினேன். எதிர்வீட்டுச் சண்டைக்கு முன்னுரை தேவையில்லை.

விஷயம் இதுதான். எதிர்வீட்டுக்காரர் ஓய்வு பெற்றவர், தனியாள். மகள் இருக்கிற ஊருக்கே போய்விடலாம் என்று இரண்டு வருஷமாக வீட்டை விற்கப் பார்க்கிறார். வந்தவர்கள் எல்லாம் உத்தரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார்கள். மரத்தில் வண்டு. கடைசியில் இந்த அக்காவும் தம்பியும் வந்து வீட்டை முழுசாக மூடி, சன்னல் இடுக்கெல்லாம் டேப் ஒட்டி, உள்ளே விஷவாயுவை விட்டார்கள். ஒரு நாள் கழித்துத் திறந்து, காற்றாடி வைத்து வாயுவை வெளியேற்ற வேண்டும். பிறகு லைசன்ஸ்காரர் வாயுவை அளக்கும் மீட்டரோடு ஒவ்வொரு அறைக்கும் போய் அளந்து, அது காட்டும் எண் ஒன்றுக்குக் கீழே இருந்தால் மட்டும் வாசலில் ஒட்டிய மஞ்சள் தாளை எடுக்கலாம். தாளில் மண்டையோட்டுப் படம். ஒட்டியவரே எடுக்க வேண்டும். இதுதான் பதினேழாம் பிரிவு.

அன்று நான்கு மணிக்கு ஒருவர் வீடு பார்க்க வருவதாக இருந்தது. உத்தரத்தைப் பற்றி முன்னாலேயே எல்லாம் கேட்டுக்கொண்டு, அப்படியும் வருகிறேன் என்று சொன்ன முதல் ஆள்.

3

பாத்திரங்களைச் சொல்லிவிடுகிறேன். இரண்டே பேர்தான் முக்கியம்.

அக்காவைத் தெருவில் புகையக்கா என்பார்கள். அந்த வாயு கண்ணுக்கே தெரியாது. ஆனால் பட்டப்பெயருக்கு அதெல்லாம் கணக்கில்லை. நாற்பத்தொரு வயது. கல்யாணப் பேச்சை எடுத்தால், "மொதல்ல லைசன்ஸப் புதுப்பிக்கணும்" என்பாள். லைசன்ஸை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஆக, பேச்சு வருகிறபோதெல்லாம் அவளுக்குப் பதில் தயார்.

தம்பி. அவர்களுடைய பூச்சி ஒழிப்புக் கடைப் பலகையில் அவன் பெயர்தான் பெரிசாக இருக்கும். அதன் கீழே, கண்ணைச் சுருக்கினால் மட்டும் தெரிகிற எழுத்தில், அக்காவின் லைசன்ஸ் எண். தொழில் தெரியாதவன் என்று நினைத்துவிடாதீர்கள். விரல் முட்டியால் நிலையைத் தட்டி, உள்ளே எத்தனை முழம் அரித்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். செய்முறைத் தேர்வில் அவனை மிஞ்ச ஆளில்லை. சட்டத் தாளில்தான் நான்கு முறை தோற்றான். அதிலும் ஒரே கேள்வி நான்கு முறையும் வந்திருக்கிறது: எச்சரிக்கைத் தாளை யார் அகற்றலாம்? நான்கு முறையும் 'வீட்டின் உரிமையாளர்' என்றே எழுதினான்.

"ஏண்டா, தப்புன்னு தெரிஞ்சும் அதையே எழுதுற?" என்று அக்கா ஒருநாள் கேட்டாள்.

"அது அவரு கதவுக்கா."

(இந்த இடத்தில் எனக்கு அவன்மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது. கதை எழுதுகிறவருக்கு இது நல்லதல்ல. அவனைக் கொஞ்சம் கெட்டவனாக்கலாம் என்று இரண்டு பத்தி எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. கிழித்துவிட்டேன்.)

4

அன்று அக்கா தாமதமாக வந்தாள். இதை அடிக்கோடு போட்டுப் படியுங்கள். பேருந்து தாமதமானாலும் அவள் தாமதிக்க மாட்டாள்; அவள் வருவதைப் பார்த்து மணியைச் சரி செய்துகொள்ளலாம், அப்படிப்பட்டவள். பதினொன்றரைக்கு அளக்க வேண்டியவள், பன்னிரண்டரைக்கு வந்தாள்.

எதிர்வீட்டுக்காரர் அதுவரை என் வீட்டுக் குழாயில் முகம் கழுவி, என் கண்ணாடியில் தலைவாரி, என் நாற்காலியில் உட்கார்ந்து, கடியாரத்தைத் திட்டிக்கொண்டிருந்தார். பன்னிரண்டுக்குத் தம்பி தாளைக் கதவிலிருந்து உரித்ததைச் சன்னல் வழியாக இருவருமே பார்த்தோம். உரித்துவிட்டு, அளவுப் படிவத்தை இவர் கையில் கொடுத்துவிட்டு, அவன் பின்பக்கம் காற்றாடிகளைக் கழற்றி அடுக்கப் போய்விட்டான். இவர் வேறு சட்டை மாட்டிக்கொண்டு, தெருவைக் கடந்து, படியில் ஒரு கால் வைத்துவிட்டார். அப்போதுதான் அக்காவின் ஸ்கூட்டர் வந்தது. அவள் அதற்கு ஸ்டாண்டு போடவில்லை. அது விழுந்தது. அவள் கை வாசலின் குறுக்கே நீண்டது.

"உள்ள போகாதீங்க சார்."

"ஏழு ரூமுக்கும் பூஜ்யம்னு எழுதிக் குடுத்திருக்கே. கீழ இருக்கிறது உன் கையெழுத்துதானே?"

அவர் நீட்டிய படிவத்தை அவள் வாங்கிப் பார்த்தாள். கையெழுத்து அவளுடையதுதான். பூஜ்யங்கள் தம்பியுடையவை.

காலையில் வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். வந்ததும் எண்ணை மட்டும் நிரப்பினால் போதும், ஒரு நிமிஷம் மிச்சம். அந்தச் சட்டப் புத்தகத்தை அட்டை கிழியப் படித்தவள், அதில் கறுப்பு எழுத்தில் கூடாது என்று போட்டிருக்கிற அந்த ஒன்றைச் செய்துவிட்டாள்.

அவள் தம்பியைக் கூப்பிட்டாள். "மீட்டர் எங்கிட்ட இருக்கு. நீ எத வச்சு பூஜ்யம்னு எழுதின?"

"இருபது வருஷ மூக்குக்கா."

"அந்தக் கேஸுக்கு வாசனையே கிடையாதுடா."

"அதான் சொல்றேன், வாசனையே வரல."

முகமூடியை மாட்டிக்கொண்டு அவள் உள்ளே போனாள். (இனி வருவது என் ஊகம். அங்கே எனக்குச் சன்னல் இல்லை.) கூடம், பூஜ்யம். அடுப்படி, பூஜ்யம். படுக்கையறையில் பூஜ்யம் வந்ததும், இவன் மூக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது என்று ஒரு கணம் அவளுக்கு ஆசையாகக்கூட இருந்திருக்கும். கடைசியாகச் சாமான் அறை. கதவு உப்பிப்போய் இறுகியிருந்தது; தம்பி அதைத் திறக்கவே இல்லை. தோளால் இடித்துத் திறந்தாள். மீட்டரை மூக்கு உயரத்துக்குப் பிடித்தாள். நான்கு.

எதிர்வீட்டுக்காரர் தன் நல்ல பெட்டியை அந்த அறையில்தான் வைத்திருந்தார். வேறு சட்டை மாட்டியவர், வேறு செருப்பை அங்கேதான் தேடியிருப்பார்.

அவள் வெளியே வந்து மஞ்சள் தாளை மறுபடி ஒட்டினாள். இனி நீங்கள் முதல் பகுதியைத் திரும்பப் படிக்கலாம். இந்த இடத்தில்தான் அது வருகிறது.

5

நான்கு மணி. வீடு பார்க்க வந்தவர் வாசலில் நின்று மண்டையோட்டைப் பார்த்தார். மண்டையோடும் அவரைப் பார்த்தது.

இங்கே எனக்கு மூன்று வழி இருந்தது.

ஒன்று: 'இப்படி உண்மை பேசுகிற வீட்டைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்' என்று அவர் கண் கலங்குகிறார். (வேண்டாம். எனக்கே சிரிப்பு வருகிறது.)

இரண்டு: நான்கடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது மீட்டர் ஒன்றுக்குக் கீழே இறங்குகிறது. (சாமான் அறைக்கு என் கதையின் அவசரம் தெரியாது.)

மூன்று, நடந்தது. அக்கா அவரிடம், "ஒரு ரூம்ல மட்டும் இன்னும் ரெண்டு இருக்கு. ஆறு மணிக்கு வந்தீங்கன்னா நானே கூட்டிட்டுப் போயி காட்டறேன்" என்றாள். அவர் "சரிம்மா" என்றார். ஆறு மணிக்கு வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. எதிர்வீட்டுக்காரர் மதில்மேல் உட்கார்ந்திருந்தார். நல்ல சட்டையோடு.

மறுநாள் அவர் லைசன்ஸ் அலுவலகத்துக்குப் புகார் எழுதினார். தாமதம் செய்து வியாபாரத்தைக் கெடுத்தாள் என்று. எழுத்துப் பிழை பார்த்துக் கொடுத்தது நான்தான். அயலார் கேட்டால் மறுக்க முடியுமா?

6

அடுத்த வாரம் ஒரு அதிகாரி வந்து என் கதவைத் தட்டினார்.

"நீங்க எப்பவும் சன்னல்லயே இருப்பீங்கன்னு தெருவுல சொன்னாங்க."

எந்த நாக்கு சொன்னது என்று எனக்குத் தெரியும். அது கிடக்கட்டும்.

"அன்னைக்குப் பன்னெண்டு மணியிலேருந்து பன்னெண்டரை வரைக்கும் கதவுல அந்தப் பேப்பர் இருந்துச்சா?"

இதுவரை யாரும் என்னிடம் கேட்காத கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லி வாழ்ந்தவள் நான். முதல்முறையாக ஒருவர் முறைப்படி கேட்கிறார். இல்லை என்று சொன்னால் அக்காவின் லைசன்ஸ் போகும். பலகையும் அதோடு போகும். லைசன்ஸ் வாங்கிய இந்தப் பதினாறு வருஷத்தில் அவளுக்கென்று இருந்தது அந்த எண் ஒன்றுதான்.

"இருந்துச்சு சார். நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். அசையல."

அவர் பையிலிருந்து ஒரு நகலை எடுத்தார். அக்காவின் கையெழுத்து, குண்டு குண்டாக:

'பன்னிரண்டு மணி முதல் பன்னிரண்டு முப்பத்திரண்டு வரை எச்சரிக்கைத் தாள் கதவில் இல்லை. காரணம்: வெற்றுப் படிவத்தில் நான் முன்கூட்டியே கையெழுத்திட்டது. அந்த நேரத்தில் நான் இருந்த இடம்: மீட்டர் சரிபார்க்கும் கடை.'

"புகார் வர்றதுக்கு முன்னாடியே அவங்களே அனுப்பிட்டாங்க. நீங்க ஆமான்னு சொன்னா முடிஞ்சுடும்" என்றார்.

"கண்ணாடி போடாம பாத்திருப்பேன்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார். போகும்போது செருப்பை மாட்டியபடி, பாதி தனக்குத்தானே சொன்னார்: "ஒண்ணுதான் புரியல. மீட்டர முப்பது நாளைக்கு ஒருதரம் சரிபாத்தாப் போதும். அதுல ஒட்டியிருந்த தேதிக்கு இன்னும் பத்தொன்பது நாள் பாக்கி இருந்துச்சு. அவசரமா எதுக்குப் போனாங்க?"

அன்றைக்குப் பிறகு நான் சரியாகத் தூங்கவில்லை. அப்படி என்ன அவசரம்?

7

அக்காவின் லைசன்ஸை ஆறு மாதம் நிறுத்திவைத்தார்கள். சட்டத் தாளை மறுபடி எழுதச் சொன்னார்கள். அதே நாளில் தம்பிக்கு ஐந்தாவது முயற்சி. அக்காவும் தம்பியும் ஒரே கூடத்தில், முன்பின் மேசையில். அதே கேள்வி வந்தது. அவளுக்கு நூறு. அவனுக்கு எழுபத்திரண்டு, எழுபது வாங்கினால் தேர்ச்சி.

"என்னடா எழுதின?"

"ஒட்டினவங்கதான் எடுக்கணும்னு எழுதினேன். ஆனா எனக்கு இன்னும் சம்மதமில்ல."

இங்கே கதையை முடித்திருக்கலாம். ஆனால் அந்தப் பத்தொன்பது நாள் என்னை விடவில்லை. மீட்டர் கடைக்கு எதிரே இருக்கிற தையற்காரி எனக்குப் பழக்கம். அந்த மாதத்தில் மட்டும் அக்கா மூன்று முறை வந்ததாக அவள் சொல்கிறாள். கடைக்காரர் மெலிந்தவர், பேச்சுக் குறைவு, மீட்டரைக் காதருகே வைத்துத்தான் பார்ப்பாராம். அக்காவிடம் நேரடியாகவே கேட்டேன். "முள்ளு கொஞ்சம் ஆடற மாதிரி இருந்துச்சு" என்றாள். முகத்தில் ஒன்றும் ஆடவில்லை.

ஆகவே கடைசி வாக்கியத்தைப் பாதியில் விடுகிறேன்: அன்று காலை, கையெழுத்தை மட்டும் போட்டுவிட்டு, அக்கா அந்தக் கடைக்குப் போனது—

நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள். முள் ஆடியதாலா, வேறு ஏதாவது ஆடியதாலா? ஒரே ஒரு நிபந்தனை: மூக்கை வைத்து எழுதக் கூடாது. என் மூக்கு என்ன சொல்கிறது என்று உங்களுக்கே தெரியும். எனக்கு லைசன்ஸ் இல்லை.

எதிர்வீட்டை ஐந்து மாதம் கழித்து மூன்று பூனைகளோடு ஒரு தம்பதி வாங்கினார்கள். வீட்டுக்காரர் மகளிடம் போய்விட்டார். போகிற அன்று தம்பியிடம் கைகுலுக்கினார், அக்காவுக்குத் தலையை மட்டும் அசைத்தார். தம்பியின் பலகையில் இப்போது அவன் பெயரும் அவன் எண்ணும் ஒரே அளவில் இருக்கின்றன. அக்கா, நிறுத்திவைத்த லைசன்ஸ் திரும்பி வந்த மறுவாரம், பதிவு அலுவலகத்தில் மீட்டர் கடைக்காரரைக் கட்டிக்கொண்டு, சட்டப் புத்தகத்தை என்னிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு, கப்பல்கள் கட்டிப்போட்டிருக்கிற ஒரு ஊருக்குக் குடிபோனாள்.