கால்மாட்டுத் துரு

கமலாத்தாள் இறந்த பதினேழாம் நாள் படுக்கை நோயாளிகளை வீடு தேடி வந்து பார்க்கும் பாலியேட்டிவ் நர்ஸ் சிஞ்சு போனில் கூப்பிட்டாள். இரவலாகக் கொடுத்திருந்த இரும்புக் கட்டில் இன்னொரு நோயாளிக்கு வேண்டுமாம்.

"நாலு நாள் பொறுங்க சிஸ்டர். துருவாக் கெடக்குது. சரி பண்ணிக் குடுத்தர்றேன்" என்றார் நஞ்சப்பன்.

கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் அவருக்கு மூன்று ஏக்கர் தென்னை. பக்கவாதத்தில் விழுந்த மனைவி கமலாத்தாளை இரண்டு வருடம் அந்தக் கட்டிலில் வைத்துத்தான் பார்த்துக்கொண்டார். தினமும் ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துவிடுவார். வடிந்த தண்ணீர் மெத்தைக்கடியில் கால்மாட்டுச் சட்டத்தில் தேங்கியதை மட்டும் அவர் கவனிக்கவில்லை. துருவேறிப் பெயர்ந்த தகடு ஒருநாள் அவள் குதிகாலைக் கீறிவிட்டது. மரத்துப்போன கால், வாய்ப்பேச்சும் இல்லை, போதாததற்குச் சர்க்கரை. அவர் பார்த்தபோது புண் சீழ் பிடித்திருந்தது. நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து போய்ச் சேர்ந்தாள்.

கட்டிலை வாசலில் போட்டு, கம்பி பிரஷால் துருவைச் சுரண்டினார். கட்டில்காலின் ரப்பர் மூடியைக் கழற்றியதும் செந்நிறத் தண்ணீர் கொட்டியது. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மகள் நர்மதா வெளியே வந்தாள். "போதும் உடுங்கப்பா. அவுங்களே பெயிண்ட் அடிச்சுக்குவாங்க."

"மெத்தையை ஒருக்காத் தூக்கிப் பார்த்திருந்தா உங்கம்மா இருந்திருப்பா, சாமி."

அவள் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தாள்.

இற்றுப்போன தகட்டை வெட்டியெடுத்துப் புதுசு வைத்து வெல்டிங் செய்து, மறுபடி துருப்பிடிக்காமலிருக்க ரெட் ஆக்சைடு பூசி, அது காய்ந்தபின் பெயிண்டும் அடித்தார். ஐந்தாம் நாள் சிஞ்சுவோடு ஆட்டோவில் அவரும் போனார். வேலந்தாவளத்தில் மளிகைக்கடை வைத்திருந்த குஞ்சு முகம்மது பக்கவாதம் வந்து தரையில் பாயில் கிடந்தார். கட்டிலைப் பூட்டி முடித்ததும், அவர் மனைவி ஜொஹரா சட்டத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஏனுங்க, இதுல படுத்திருந்தது உங்க ஊட்டுக்காரம்மாவா? இப்ப எந்திரிச்சு நடக்கறாங்களா?"

சிஞ்சு தலையைக் குனிந்துகொண்டாள். பாயில் கிடந்தவர் பதிலுக்காகக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நடக்கறாங்க" என்றார் நஞ்சப்பன். பிறகு குரலைத் தணித்து, "வாரம் ஒருக்கா மெத்தையைத் தூக்கிப் பாருங்கம்மா. ஈரம் நிக்காமத் தொடச்சு உடுங்க. காலையும் பாருங்க. அவருக்கு வலி தெரியாது" என்றார்.

திரும்பும் வழியில் அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, ஊர் வரும்வரை அழுதார்.