விரிப்பின் மறுமுனை

வெளியே விடிந்துகொண்டிருந்தது. சலவைக் கூடத்துக்குள் நீராவி கண்ணைக் கரித்தது. ஈரத்தில் கனத்துப்போன படுக்கை விரிப்பை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து உதறி, துணி தேய்க்கும் சூடான இரும்பு உருளைக்குள் கொடுத்துக்கொண்டிருந்தார்கள் நெட்டையும் வாயாடியும். பெரிய ஓட்டல்களில் தங்குகிறவர்கள் சுகமாகத் தூங்குவதற்கான விரிப்புகள். இவர்கள் இருவரும் முந்தின நாள் மாலை உள்ளே வந்தவர்கள். பகல் ஷிப்டில் பாதிப் பேரை முதலாளி வேலையை விட்டு நிறுத்தியதிலிருந்து ராத்திரி வேலை பகலிலும் நீண்டது. வீட்டுக்குப் போனால் சமையல், பிள்ளை, துணி. தூக்கமெல்லாம் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடிதான். ஓயாமல் பேசி அந்தப் பேர் வாங்கிய வாயாடி இப்போதெல்லாம் வாயே திறப்பதில்லை.

அந்தக் கூடத்துப் பெண்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. எதிரில் நிற்பவளுக்குக் கண் சொருகினால் விரிப்பை வெடுக்கென்று ஓர் இழுப்பு. அவள் திடுக்கிட்டு முழிப்பாள். "கனவுல யாருடி?" என்று மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள். அவர்களுக்கு இருந்த ஒரே பாதுகாப்பு அதுதான்.

வாயாடியின் தலை சாய்ந்தது. இழுக்கப் போன நெட்டைக்கு அந்த முகத்தைப் பார்த்ததும் மனசு வரவில்லை. பாவம், இந்த ஒரு விரிப்பு போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

விரிப்போடு விரல்களும் உள்ளே போயின.

நெட்டை பாய்ந்து மெஷினை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அடித்தாள். அலறியவளை ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றி அனுப்பிய பிறகும் கருகிய வாடை கூடத்தை விட்டுப் போகவில்லை.

முதலாளி வந்தார். குளித்த வாசனை, மடிப்புக் கலையாத சட்டை.

"என்ன வேடிக்கை? உருளையத் துடைச்சிட்டு ஆரம்பிங்க. மத்தியானம் சரக்கு போகணும்."

"அவ கை போச்சுங்கய்யா" என்றாள் மேசையருகே நின்று துணி மடிக்கிறவள்.

"வாயடிச்சிக்கிட்டு நின்னா போகத்தான் செய்யும்." நெட்டையின் பக்கம் திரும்பினார். "நீதானே எதிர்ல நின்ன? லேபர் ஆபீஸ்ல இருந்து விசாரிக்க ஆள் வருவாங்க. அவ பேசிக்கிட்டே கவனமில்லாம நின்னான்னு சொல்லிடு."

தலையாட்டினால் வேலை நிலைக்கும். வாயாடிக்கு நஷ்டஈடு கிடைக்காது. நெட்டை ஓரடி முன்னால் வந்தாள்.

"பேசலய்யா, தூங்கிட்டா. நான் பார்த்தேன். இழுத்து எழுப்பாம விட்டது என் தப்பு. அவளத் தூங்கவிடாம அடிச்சது உங்க தப்பு. வர்றவங்ககிட்டயும் இதத்தான் சொல்லுவேன்."

"வீட்டுல தூங்கிட்டு வரவேண்டியதுதானே?"

"வீட்டுக்கு எப்பய்யா விட்டீங்க?" என்றாள் துணி மடிக்கிறவள். யாரோ கசப்பாகச் சிரித்தார்கள்.

"மெஷினப் போடுங்க! முடியாதவங்க வெளிய போங்க."

ஒருவரும் அசையவில்லை. துணி மடிக்கிறவள் காய்ந்த விரிப்பொன்றை எடுத்துத் தரையில் உதறிப் போட்டாள்.

"ஏய், என்ன பண்ற?"

"தூங்கப் போறேன்யா. தூங்காத கை இனிமே உருளைகிட்ட போகாது."

அவள் படுத்தாள். அடுத்தவளும் ஒரு விரிப்பை இழுத்துப் போட்டாள். துணி வண்டி தள்ளுகிறவன்கூடச் செருப்பைக் கழற்றினான். முதலாளி போலீஸைக் கூப்பிடுவதாகக் கத்திவிட்டு வெளியேறினார். கூப்பிடக்கூடிய ஆள்தான். எல்லோருக்கும் வேலை போகலாம். வாயாடியின் விரல்கள் எப்படியும் திரும்பப்போவதில்லை. நெட்டை கதவோரம் போய் உட்கார்ந்தாள்.

"நீயும் படு, அக்கா" என்றாள் துணி மடிக்கிறவள்.

"எனக்குத் தூக்கம் வராதுடி. நான் முழிச்சிருக்கேன், நீங்க தூங்குங்க."

துணி மடிக்கிறவள் தன் விரிப்பின் ஒரு முனையை அவளிடம் நீட்டினாள். மறுமுனையைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு கண்ணை மூடினாள்.

"யாராவது வந்தா இழு."

"இழுப்பேன்" என்றாள் நெட்டை. "இந்தத் தடவ கண்டிப்பா இழுப்பேன்."