டொமியோவின் ஒரு கரண்டி சாஸ்

"ஒரு கரண்டி சாஸ் போதும். சாமியையே நம்ம சந்துக்குள்ள திருப்பிக் காட்டுறேன்" என்றார் டொமியோ.

குடியிருப்போர் சங்கத் தலைவர் ஒகுமுரா சிரிக்கக்கூட இல்லை. "நீ டிராம் ஓட்டுன காலத்துல அதையாவது திருப்பினியா? தண்டவாளம் போன வழியிலதானே போனே. பல்லக்கு பெரிய தெருவோட போகும். பேசி முடிச்சாச்சு."

டொமியோவின் கவலை பாதையைப் பற்றியதல்ல. மனைவி சுமியே கணுக்கால் முறிந்து, மாவுக்கட்டோடு மாடியில் கிடந்தாள். கல்யாணமாகி ஒசாகாவுக்கு வந்த நாளிலிருந்து கோடைத் திருவிழாப் பல்லக்கை அவள் தவறவிட்டதே இல்லை. அவளுடைய ஜன்னலில் சந்து மட்டும்தான் தெரியும்.

திருவிழா மத்தியானம் வாசலில் அடுப்பு மூட்டி, கட்டில் அகலத்துக்கு இரும்புக் கல்லைப் போட்டார். முட்டைக்கோஸ், துருவிய கிழங்கு, முட்டை, மாவு எல்லாம் கலந்து ஒகோனோமியாகியைக் கனத்த அடைகளாக ஊற்றி, மேலே பன்றி இறைச்சியைப் பரப்பினார்.

"அமுக்காதீங்க, கல்லாட்டம் ஆயிடும்" என்று மாடியிலிருந்து அதட்டல் வந்தது.

"நீ காலைப் பாரு, நான் கல்லைப் பாக்குறேன்."

அவர் புரட்டிப் போட்ட வேகத்தில் எதிர்வீட்டு ஓடு அதிர்ந்தது.

மேளம் நெருங்கியது. டொமியோ மேசை விசிறியைப் பெரிய தெருப்பக்கம் பார்க்க வைத்தார். சாஸை அடையில் தடவாமல், காய்ந்த கல்லில் ஊற்றினார். கடைக்காரர்கள் ஆள் கூப்பிடுவது அப்படித்தான். சொய்யென்று எழுந்த இனிப்பும் புளிப்புமான புகைக்கு, மலைக்கு அந்தப் பக்கம் நாராவில்கூட நாலு பேருக்கு எச்சில் ஊறியிருக்கும்.

பல்லக்குத் தூக்கியவர்கள் காலையிலிருந்து வெறும் வயிறு. சந்து முனையில் பல்லக்கு தயங்கியது, ஆடியது, சாய்ந்தது. ஒகுமுரா முன்தடியைப் பிடித்துத் தொங்கினார். பல்லக்கு அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு உள்ளே வந்து, ஜன்னலுக்கு நேர் கீழே நின்று குலுங்கியது. சுமியே நெஞ்சருகே கைகூப்பியபடி அசையாமல் இருந்தாள்.

கோயில் பூசாரி வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். "பாதையை யார் மாத்தினது?"

பல்லக்கை இறக்கி வைத்துவிட்டு, வாய் நிறைய அடையோடு எல்லோரும் ஒகுமுராவைப் பார்த்தார்கள். அவர் செருப்பு ஒன்று பெரிய தெருவிலேயே கிடந்தது.

"இந்த ஆள் சொன்னப்போ நான் நம்பல, ஐயா" என்றார் அவர், மூச்சு வாங்கியபடி. "தடியைப் பிடிச்சு இழுத்தும் பாத்தேன். சாமி திரும்பினது திரும்பினதுதான்."