ஆறு மில்லிமீட்டர்

ஐந்தரைக்கு எழுகிறேன். மோட்டார் போடுகிறேன். பால் காய்ச்சுகிறேன். சவரம் செய்யும்போது கழுத்துப் பக்கம் வந்ததும் கண்ணாடியைப் பார்ப்பதில்லை. ஏழே காலுக்குக் கம்பெனி பஸ்.

வால்வுகளைச் சோதிப்பது என் வேலை. மயிரிழை விரிசல் தெரிந்தாலும் சிவப்புக் கோடு போட்டு ஒதுக்கிவிடுவேன். அந்த விரிசலோடு அது முப்பது வருடம் ஓடியிருக்கலாம். அதை யோசிப்பது என் வேலையில்லை.

அண்ணி புற்றுநோய்ப் பரிசோதனை முகாமுக்குப் போனபோது என் மனைவியைத் துணைக்குக் கூப்பிட்டார். அங்கிருந்த நர்ஸ் இவளிடம், "வந்ததே வந்தீங்க, சும்மா கழுத்தையும் ஒரு ஸ்கேன் பார்த்துடலாமே" என்றிருக்கிறார்.

அண்ணிக்கு மார்பில் ஒன்று அகப்பட்டது. வேகமாகப் பரவும் வகை. எடுத்துவிட்டார்கள். இவளுக்குத் தைராய்டில், ஆறு மில்லிமீட்டர். அதுவும் புற்றுநோய்தான்.

டாக்டர் எதையும் மறைக்கவில்லை. "இது பெரும்பாலும் அது பாட்டுக்கு இருக்கும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கிட்டே இருக்கலாம். எடுக்கணும்னாலும் எடுக்கலாம். ஆனா ஆபரேஷன்லயும் கொஞ்சம் ஆபத்து உண்டு."

"அப்ப சும்மா விட்டுடலாங்க" என்றாள், வீட்டுக்கு வந்ததும்.

"தெரிஞ்சப்புறம் எப்படிச் சும்மா விடறது?"

"நான் என்ன உங்க கம்பெனி வால்வா?"

மூன்று வாரம் விடவில்லை நான். அண்ணியைப் பார், அண்ணியைப் பார் என்றேன். கடைசியில், "உங்க நச்சரிப்புக்கு அந்தக் கத்தியே தேவலை" என்று ஒப்புக்கொண்டாள்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்றார்கள். மயக்கம் முழுதாகத் தெளியுமுன் கழுத்துக்குள் ரத்தம் கட்டி மூச்சுக்குழாயை அழுத்திவிட்டது. தையலைப் பிரிப்பதற்குள் எல்லாம் முடிந்தது. ரொம்ப அபூர்வம் என்றார் டாக்டர். எடுத்த கட்டி அதே ஆறு மில்லிமீட்டர். எங்கும் பரவியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணி வருகிறார். "நான் அவளக் கூப்பிடாமலே போயிருக்கலாம்" என்று அழுகிறார்.

"தப்பு உங்க மேல இல்ல அண்ணி. நீங்க போகாம இருந்திருந்தா இன்னைக்கு நீங்க இல்ல."

இரண்டும் உண்மை. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக என்னைப் பார்த்துக்கொள்ளும்படி தன்னிடம் அவள் சொல்லிவிட்டுப் போனாள் என்று அண்ணி எல்லோரிடமும் சொல்கிறார். அப்படி எதுவும் சொல்லவில்லை. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் அவளோடு நான்தான் இருந்தேன். வெட்டவேண்டிய இடத்தில் பேனாவால் கோடு போட்டிருந்தார்கள். அதைத் தொட்டுக் காட்டினாள்.

"பாத்தீங்களா, என்னையும் ஒதுக்கிட்டாங்க."

எனக்குச் சிரிக்க வரவில்லை. ஸ்ட்ரெச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சும்மா நிக்காதீங்க. போய் ஏதாவது சாப்பிடுங்க."