சாவி காணோம்

எங்கள் நகராட்சியில் ஒரு வழக்கம். மேலிடத்திலிருந்து எந்த விவரம் கேட்டுக் கடிதம் வந்தாலும், அப்படி எதுவும் எங்களிடம் இல்லை என்று பதில் போட்டுவிடுவோம். இதற்கு இன்மை அறிக்கை என்று பெயர். இருக்கிறது என்றால் அடுத்த கேள்வி வரும். இல்லை என்றால் கோப்பு முடிந்தது. அலுவலக வாசலிலேயே குப்பை மலையாகக் கிடந்த வாரத்தில், 'அகற்றப்படாத குப்பை: இன்மை' என்று இந்தக் கையால் தட்டச்சு செய்திருக்கிறேன். பன்னிரண்டு வருட சர்வீஸ். எத்தனை இன்மை அடித்தேன் என்று கணக்கே இல்லை.

போன வருடம் ஒரு சுற்றறிக்கை வந்தது. திருநருக்கும், தன்பாலினரை விரும்புகிறவர்கள் போன்ற பால்புதுமையினருக்கும் அலுவலகத்தில் பாகுபாடு காட்டக் கூடாது, கழிப்பறை தர வேண்டும், உடை மாற்ற இடம் தர வேண்டும், புகார் வந்தால் விசாரிக்க வேண்டும் என்று நாலு பக்கம். எங்கள் மேலாளர் தட்சிணாமூர்த்தி அதில் படித்தது கடைசி வரியை மட்டும்தான். 'உறுதிமொழி எடுத்துப் புகைப்படம் அனுப்பவும்.'

படத்துக்கு ஓர் ஆள் வேண்டுமே. அனுசுயாவைக் கூப்பிட்டார்கள். அனுசுயா திருநங்கை. நூம்பல் பக்கம் பேட்டரி வண்டியில் குப்பை எடுக்கிற ஒப்பந்தத் தொழிலாளி. அவளுக்குச் சால்வை போர்த்தி, 'சகோதரி அனுசுயா' என்று மைக்கில் சொல்லி, நடுவில் நிற்க வைத்து எல்லோரும் கையை நீட்டினோம். படம் நன்றாகத்தான் வந்தது. சட்டம் போட்டு ஹாலில் மாட்டினார்கள்.

படம் எடுத்து முடிந்ததும் அவள் பஞ்சவர்ணம் அக்காவின் மேசைக்கு வந்தாள். பெண்கள் கழிப்பறையின் சாவி அக்காவிடம்தான் இருக்கும்.

"யக்கா, பாத்ரூம் சாவி குடேன். காலைலேர்ந்து போவல."

"சாவி காணோம்மா. பஸ் ஸ்டாண்டுல போய்க்கோ."

சாவி டிராயரில் இருந்தது. பத்து நிமிஷம் முன்னால் போய்விட்டு வந்து அங்கே போட்டவளே நான்தான். அனுசுயா என்னைப் பார்த்தாள். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன்.

ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டால், பயம். நானும் நிஷாவும் ஆறு வருடமாக ஒரே வீட்டில் வாழ்கிறோம். ஆபீஸைப் பொறுத்தவரை அவள் என் ரூம்மேட். தினமும் காலையில் அவள் ஸ்கூட்டரில் கொண்டுவந்து ஆபீஸுக்கு இரண்டு தெரு முன்னாலேயே என்னை இறக்கிவிடுவாள். மீதியை நடந்து வருவேன். திண்டிவனத்திலிருந்து அம்மா மாப்பிள்ளை போட்டோ அனுப்பினால், பஞ்சவர்ணம் அக்காவிடம் காட்டி மூக்கு சரியில்லை, முழி சரியில்லை என்று சிரிப்பேன். இப்படிப்பட்ட வீராங்கனை இன்னொருத்திக்காக எங்கே பேசுவது.

அதற்குப் பிறகு அனுசுயா மூன்று மனு கொடுத்தாள். வார்டு ஆபீஸில் பெண்கள் சீருடை மாற்றும் அறைக்குள் மேற்பார்வையாளர் வேம்புலி அவளை விடுவதில்லை. தெருவில், குப்பை வண்டிக்குப் பின்னால் நின்று மாற்றிக்கொள்ளச் சொல்கிறான். ஒரு நாள் எவனோ அதைப் போனில் படம் பிடித்தான். மூன்று மனுவையும் நான்தான் வாங்கினேன், சீல் போட்டேன், எண் போட்டு உள்ளே அனுப்பினேன். மூன்றாவது மனுவுக்குப் பிறகு வேம்புலி பதில் சொன்னான். ஒன்றாம் தேதியிலிருந்து வேலைக்கு வர வேண்டாம்.

அவள் கவுன்டருக்கு வந்து சத்தம் போடாமல் கேட்டாள்.

"மூணு மனு குட்த்தேன் மேடம். மூணுக்கும் சீல் போட்டு குட்த்தீங்க. இப்போ வேலையே இல்லன்றான். மாசம் பொறந்தா நான் இன்னா பண்றது? பாடி சிக்னலாண்ட மறுபடியும் கைய தட்டினு நிக்கவா?"

அந்த வாரமே மாவட்டத்திலிருந்து நினைவூட்டுக் கடிதம் வந்தது. இரண்டு கேள்விகள். ஒன்று, பாகுபாடு குறித்து எத்தனை புகார் வந்தது, என்ன நடவடிக்கை? புகார் இருந்தால் குழு நேரில் வந்து விசாரிக்கும், அதுவரை மனு கொடுத்தவரை வேலையிலிருந்து நிறுத்தக் கூடாது. இரண்டு, நிரந்தர ஊழியர்களில் தாமாக முன்வந்து தம்மைத் தெரிவித்துக்கொண்ட பால்புதுமையினர் எத்தனை பேர்? வெள்ளிக்கிழமைக்குள் பதில் போக வேண்டும். இன்மை என்று போனால் அனுசுயாவின் வேலை அதோடு போச்சு.

முதல் கேள்விக்கு மூன்று என்று எழுதி மேலாளரிடம் வைத்தேன். சிவப்பு மையால் அடித்துவிட்டார்.

"என்னம்மா கார்த்திகா, புதுசா சேந்தவ மாதிரி பண்றே. இன்மைன்னு போடு."

"மனு இருக்கு சார். நான்தான் சீல் போட்டேன்."

"அது கான்ட்ராக்ட்காரன் ஆளு. அதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?"

அது. சால்வை போர்த்தும்போது சகோதரி, வேலை கேட்டால் அது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த எரிச்சலில் பாதி என் மேலேயே. சாவி டிராயரில் இருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லாதவள் இவரை மட்டும் எந்த வாயால் திட்டுவது.

வெள்ளிக்கிழமை பதினான்கு அறிக்கைகள் கையெழுத்துக்குப் போயின. பதின்மூன்று இன்மை. எட்டாவதாக இருந்ததில் புகார் மூன்று, நடவடிக்கை இல்லை என்று இருந்தது. அதன் கீழே, தெரிவித்துக்கொண்டவர் ஒருவர்.

எங்கள் ஆபீஸில் மேலாளர் பார்த்திருப்பார் என்று ஆணையர் பார்க்க மாட்டார். ஆணையர் பார்ப்பார் என்று மேலாளர் பார்க்க மாட்டார். தட்சிணாமூர்த்தி சார் வேலப்பன்சாவடியில் சம்பந்தி பிடித்த கல்யாண மண்டபத்தைப் பற்றிப் போனில் பேசிக்கொண்டே பதினான்கிலும் சுருக்கொப்பம் போட்டார். மதியத்துக்குள் ஆணையரும் போட்டுவிட்டார். மூன்று மணிக்கு அனுப்பிவிட்டேன்.

அடுத்த புதன்கிழமை குழு வந்தது. அனுசுயா பாலித்தீன் கவரில் பத்திரமாக வைத்திருந்த மூன்று நகலையும் எடுத்து வைத்தாள். எல்லாவற்றிலும் என் சீல். வேம்புலி திருதிருவென்று முழித்தான். அன்றைக்கே அவளை வேலையில் சேர்க்க வேண்டும், அறையையும் திறந்துவிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அவர்கள் ஜீப் கிளம்பியதும் மேலாளர் அறிக்கையின் நகலைக் கையில் சுருட்டிக்கொண்டு ஹாலுக்கு வந்தார். மூன்றைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"யாருய்யா அந்த ஒண்ணு?"

ஹாலில் சிரிப்பு எழுந்தது. எல்லாத் தலையும் ஜஸ்டின் பக்கம் திரும்பியது. ஜஸ்டின் எங்கள் ஆபரேட்டர். முப்பத்தைந்து வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை, மெதுவாகப் பேசுவான், பவுடர் போடுவான். இவர்களுக்கு அது போதும்.

"ஜஸ்டினு, எங்கிட்ட சொல்லவே இல்லையே மாமே," என்றான் வரிப்பிரிவு பூபாலன். மறுபடியும் சிரிப்பு. ஜஸ்டினின் விரல்கள் கீபோர்டு மேல் அப்படியே நின்றுவிட்டன.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஒருவர் என்று எழுதிவிட்டுப் பேரை எழுதாமல் உட்கார்ந்திருந்தேன். அதற்கு அடி வாங்குவது ஜஸ்டின்.

எழுந்தேன். "நான்தான் சார்."

"நீ எதும்மா?"

"அந்த ஒண்ணு. நிஷா என் ரூம்மேட் இல்ல. நாங்க சேந்து வாழறோம். அறிக்கைய டைப் பண்ணதும் நான்தான். கீழ உங்க இனிஷியல் இருக்கு பாருங்க."

மேலாளர் நகலைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. "சரி சரி, அவங்கவங்க வேலையப் பாருங்க," என்று உள்ளே போய்விட்டார். பூபாலன் தண்ணீர் குடிக்கப் போனான்.

மத்தியானம் என் புளிசாதத்தில் யாரும் கை வைக்கவில்லை. வழக்கமாக டப்பாவைத் திறப்பதற்குள் பாதி காலியாகிவிடும். முழுவதையும் நானே தின்றேன்.

மூன்றரை மணிக்கு அனுசுயா மறுபடி வேலையில் சேரும் படிவத்தில் கையெழுத்துப் போட வந்தாள். அவளைக் கவுன்டரில் உட்கார வைத்துவிட்டு, நான் பஞ்சவர்ணம் அக்காவின் மேசைக்குப் போனேன். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளில் தன் தலையிலிருந்த பூவில் பாதியைக் கிள்ளி எனக்கு வைத்துவிட்டவள் அவள்.

"அக்கா, சாவி."

அவள் ஸ்டேப்ளரில் பின் மாட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"சாவி காணோம் கார்த்திகா."

காலையிலிருந்து எவ்வளவோ பார்த்தாயிற்று. இதுதான் நெஞ்சில் குத்தியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பின்னாலிருந்து அனுசுயாவின் குரல் வந்தது.

"இன்னா மேடம், ஒனக்கும் காணாம பூட்ச்சா?"

அவள் குத்திக்காட்டவில்லை. பாவப்பட்டுத்தான் கேட்டாள். அதைத் தாங்குவதுதான் கஷ்டமாக இருந்தது.

நான் குனிந்து டிராயரை இழுத்தேன். அக்கா தடுக்கவில்லை. சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் சாவி கிடந்தது. எடுத்து அனுசுயாவிடம் நீட்டினேன்.

"நீ முதல்ல போயிட்டு வா."

அவள் போய்விட்டு வந்தாள். அப்புறம் நான் போனேன். திரும்பி வந்து ஹாலில் மாட்டியிருந்த உறுதிமொழிப் படத்தை ஆணியிலிருந்து கழற்றினேன். படத்தில் சால்வையோடு அனுசுயா, அவளைச் சுற்றி எங்கள் எல்லோருடைய கையும். காலியான ஆணியில் சாவியை மாட்டினேன். படத்தைக் கொண்டுபோய் பஞ்சவர்ணம் அக்காவின் டிராயரில் வைத்து மூடினேன்.

"யாராவது கேட்டா, படம் காணோம்னு சொல்லுங்க அக்கா," என்றேன்.